மஞ்சள் காமாலைச் சோதனை: இயந்திரம் சொல்வதும் நாம் செய்ய வேண்டியதும்

(கல்லீரல் அழற்சி விழிப்புணர்வுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டாக்டர்கள் பேச வேண்டிய இடத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் இரத்தக் குழாய்களோடு பழகியவன் நான். டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் குழாயின் மேல் ஒட்டிய பெயரைத்தான் பார்ப்போம். ஒருமுறை நான் அந்தப் பெயரில் தவறு செய்துவிட்டேன். அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

1990களின் கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனை லேபில் வேலை பார்த்தேன். அப்போது ஹெப்படைட்டிஸ் சோதனை எல்லாம் கையால்தான். ‘எலிசா’ என்று பெயர். நம் வீட்டுக் குழிப்பணியாரச் சட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய இரத்தத்தின் தெளிநீரைச் சொட்டாக விட வேண்டும். சூடான பெட்டியில் வைக்க வேண்டும். கழுவ வேண்டும். இன்னொரு மருந்து விட வேண்டும். மறுபடி கழுவ வேண்டும். கடைசியில் நிறம் மாறும் மருந்து. கிருமி இருந்தால் குழி மஞ்சளாகும், இல்லாவிட்டால் தெளிவாக இருக்கும். எல்லாம் முடிய இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும்.

அன்று இடையில் போன் வந்தது. எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தேன். 31ஆம் குழியில் விட வேண்டியதை 32இல் விட்டேன், 32இல் விட வேண்டியதை 31இல் விட்டேன். 32ஆம் எண்ணுக்குரியவர் நம் பக்கத்து இளைஞர். சவூதிக்குப் போகுமுன், ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் தானாகவே சோதித்துப் பார்க்க வந்தவர். அவருக்கு ஹெப்படைட்டிஸ் பி இருப்பதாக ரிப்போர்ட் போய்விட்டது. வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. பேசி வைத்திருந்த நிக்காஹ்வை நிறுத்தலாமா என்கிற அளவுக்குப் போய்விட்டார்கள்.

அவருடைய அத்தா விவரமானவர். பையனைச் சென்னைக்கு அழைத்துப்போய் மறுபடி சோதித்தார். ஒன்றுமில்லை என்று வந்தது. அந்தப் பையன் எங்கள் லேபுக்கு வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “அப்படின்னா அண்ணே, என் பேர்ல வந்தது யாரோட ரத்தம்?”

அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. உடனே நோட்டை எடுத்துப் பார்த்தோம். 31ஆம் எண், ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி. நோய் இல்லை என்று எழுதி அனுப்பியிருந்தோம். தேடிப்போனால் அவர் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. இருவருக்கும் மறுபடி சோதித்தோம். இருவருக்குமே ஹெப்படைட்டிஸ் பி இருந்தது. அல்லாஹ்வின் அருளால் பிரசவத்துக்கு முன்பே தெரிந்ததால், குழந்தை பிறந்த அன்றே தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட முடிந்தது. அந்தக் குழந்தைக்கு நோய் தொற்றவில்லை. இன்று படிப்பு முடித்து வேலைக்குப் போகிறாள்.

பிறக்கும்போது தாயிடமிருந்து ஹெப்படைட்டிஸ் பி தொற்றிய குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது ஆயுள் முழுவதும் தங்கிவிடும். பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் அது வழிவகுக்கும். பெரியவர்களுக்குத் தொற்றினால் 100இல் 95 பேருக்குத் தானாகவே போய்விடும். பிறந்த முதல் 24 மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

காமாலை ஒன்று, கிருமிகள் பல

நம் ஊர்களில் கண் மஞ்சளானால் எல்லாமே ‘மஞ்சக்காமாலை’தான். ஆனால் அதற்குக் காரணமான முக்கிய வைரஸ்கள் ஐந்து. ஏ, பி, சி, டி, இ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏ வகையும் இ வகையும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வரும், பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். பி, சி இரண்டும் இரத்தத்தின் வழியாக வரும், சத்தமில்லாமல் வருடக்கணக்கில் உள்ளே இருக்கும். பி வகை தாம்பத்திய உறவின் வழியாகவும் பரவும். டி வகை, பி உள்ளவரைத்தான் தொற்றும்.

நாட்டு மருந்து சாப்பிட்டுக் காமாலை குணமானது என்கிறோமே, அவர்களில் பலருக்கு இருந்தது ஏ அல்லது இ. மருந்து சாப்பிடாவிட்டாலும் போயிருக்கும். பி, சி உள்ளவர் அதே மருந்தைச் சாப்பிட்டுக் கண் வெளுத்ததும், குணமாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார். பத்து, இருபது வருடம் கழித்து வயிற்றில் நீர் கோத்து வருவார். கண்ணின் நிறத்தைப் பார்த்து எந்த வைரஸ் என்று யாராலும் சொல்ல முடியாது. இரத்தம்தான் சொல்லும்.

இதை உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டு டாக்டர், காஷ்மீரைச் சேர்ந்த முகம்மது சுல்தான் குரூ. 1978இல் காஷ்மீர் பள்ளத்தாக்கில் தண்ணீரால் காமாலை பரவிப் பல்லாயிரம் பேர் படுத்தார்கள். கர்ப்பிணிகள் அதிகமாக இறந்தார்கள். நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தால் அது ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை. அப்படியானால் இது வேறொரு கிருமி என்று அவர் 1980இல் எழுதினார். அதுதான் பிறகு ஹெப்படைட்டிஸ் இ என்று பெயர் பெற்றது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இது வந்தால், 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கும் அபாயம் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்மார்களே, கர்ப்ப காலத்தில் கண் மஞ்சளானால் ஒரு நாள் கூடத் தாமதிக்காதீர்கள்.

பி வகையைக் கண்டவர் அமெரிக்கரான பாரூக் புளும்பெர்க். பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட ஒரு நோயாளியின் உடலில் உண்டாகியிருந்த ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள், ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் இரத்தத்தோடு சேர்ந்தபோது வினைபுரிந்தது. அதைப் பின்தொடர்ந்து போய்த்தான் இந்த வைரஸின் மேலுறைப் புரதத்தைக் கண்டார்கள். 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28ஆம் தேதிதான் இன்று உலக ஹெப்படைட்டிஸ் தினம்.

அதே புளும்பெர்க்கோடு சேர்ந்து நம் கீழாநெல்லியை ஆராய்ந்தவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன். 1988இல் ‘லான்செட்’ இதழில் அந்த ஆய்வு வந்தது. கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் பி வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. ஊரெல்லாம் கீழாநெல்லிப் பேச்சுதான். ஆனால் பின்னால் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் இன்று தேசிய ஹெப்படைட்டிஸ் திட்டத்தில் பி வகைக்குக் கீழாநெல்லி மருந்தாக இல்லை. மூலிகையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. முதலில் நம்பிக்கை கொடுத்ததும் இரத்தச் சோதனைதான், பிறகு அந்த நம்பிக்கையைச் சரிபார்த்ததும் அதே சோதனைதான்.

கையிலிருந்து இயந்திரத்துக்கு

எலிசா முறை 1971இல் ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் உருவானது. நல்ல முறைதான். ஆனால் மனிதக் கை களைத்துவிடும். கழுவுவது குறைந்தால் நோய் இல்லாதவருக்கும் மஞ்சள் நிறம் வரும். சொட்டு குறைந்தால் நோய் இருப்பது தெரியாமல் போகும். சின்ன ஊர்களில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. இரண்டு பேருக்காக ஒரு தட்டைப் பிரித்தால் கட்டுப்படியாகாது. தட்டு நிறைய ஆள் சேரும்வரை காத்திருப்போம். “வியாழக்கிழமை வாங்க” என்போம். அதற்குள் பிரசவம் முடிந்துவிடும்.

இப்போது பெரிய லேப்களில் அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. இரத்தக் குழாயில் கோடு கோடாக ஒரு பார்கோடு ஒட்டுவார்கள். குழாயை இயந்திரத்துக்குள் வைத்தால் அதுவே கோட்டைப் படித்து, யாருடைய குழாய், என்ன சோதனை என்று தெரிந்துகொள்ளும். ஊசி போன்ற குழல் ஒன்று துளி அளவு தெளிநீரை எடுக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத காந்தத் துகள்களைக் கலக்கும். சி வகைச் சோதனை என்றால் அந்தத் துகள்களின் மேல் சி வைரஸின் புரதம் பூசியிருக்கும். இரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் அது துகளைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் காந்தம் வந்து துகள்களை இழுத்துப் பிடிக்க, மற்றதெல்லாம் கழுவி வெளியேறும். பிறகு ஒளிவிடும் பொருள் ஒன்று சேரும். ஆன்டிபாடி எவ்வளவோ அவ்வளவு ஒளி. அந்த ஒளியை அளந்து எண்ணாகச் சொல்லும்.

முதல் முடிவு சுமார் அரை மணி நேரத்தில் வந்துவிடும். பெரிய இயந்திரங்கள் மணிக்கு நூறு, இருநூறு சோதனைகள் செய்யும். ஒருவர் வந்தாலும் உடனே பார்க்கலாம், தட்டு நிறையக் காத்திருக்க வேண்டாம். போன் வந்தாலும் அது எழுந்து போகாது. என் 31, 32 குழப்பம் இயந்திரத்துக்குள்ளே நடக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஆனால் இயந்திரத்துக்கு வெளியே நடக்கலாம். பார்கோடைத் தவறான குழாயில் ஒட்டினால், இயந்திரம் அந்தத் தவறை மிகச் சரியாகச் செய்து கொடுக்கும். எனவே இரத்தம் எடுக்கும்போது உங்கள் எதிரிலேயே ஒட்டச் சொல்லுங்கள். பெயர், வயது, தகப்பனார் பெயர் மூன்றையும் சொல்லிச் சரிபாருங்கள். நம் பக்கத்தில் ஒரே தெருவில் நான்கு முகம்மது ரஃபீக் இருப்பார்கள்.

17 சதவீதக் கணக்கு

விவசாயிகளுக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஈரப்பத மீட்டர் வைப்பார்கள். எல்லை 17 சதவீதம். 16.8 என்றால் எடை போடுவார்கள். 17.4 என்றால் காயவைத்துக் கொண்டு வா என்பார்கள். 17.4க்கும் 25க்கும் எவ்வளவோ வித்தியாசம். ஆனால் வாசலில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்.

இரத்தச் சோதனையிலும் அப்படி ஓர் எல்லைக்கோடு உண்டு. பல இயந்திரங்களில் அது 1. அதற்குக் கீழே என்றால் ‘நான் ரியாக்டிவ்’, மேலே என்றால் ‘ரியாக்டிவ்’. 1.2 வந்தவருக்கும் 12 வந்தவருக்கும் ரிப்போர்ட்டில் ஒரே சொல்தான். 12 வந்தவருக்குத் தொற்று ஏற்பட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். 1.2 வந்தவருக்குப் பொய்யாகவும் இருக்கலாம்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். 1,000 பேரைச் சோதிக்கிறோம். அதில் உண்மையில் நோய் உள்ளவர் 5 பேர். இயந்திரம் 1,000க்கு 5 தடவைதான் தவறுகிறது என்றால் அது நல்ல இயந்திரம். ஆனாலும் ‘ரியாக்டிவ்’ என்று பத்துப் பேர் வருவார்கள், அதில் பாதிப் பேருக்கு நோய் இருக்காது. அதனால்தான் முதல் சோதனையை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த சோதனைக்கு அனுப்புகிறார்கள்.

சி வகையில் இன்னொரு விஷயம் உண்டு. ஆன்டிபாடி என்பது வைரஸ் அல்ல. வைரஸ் வந்து போனதற்கான கால்தடம். சி தொற்றியவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே ஆறு மாதத்துக்குள் வைரஸ் போய்விடும், கால்தடம் மட்டும் இருக்கும். இப்போது வைரஸ் இருக்கிறதா என்று அறிய ஆர்.என்.ஏ. சோதனை செய்ய வேண்டும். அதிலும் இருந்தால் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரை போதும், 100இல் 95 பேருக்கு மேல் முழுக் குணம் கிடைக்கிறது. ஆனால் குணமான பிறகும் ஆன்டிபாடி ‘ரியாக்டிவ்’ என்றே காட்டும். அதனால் ஆர்.என்.ஏ. இல்லை என்ற ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பி வகையில் பெயர்கள் குழப்பும். ‘ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.’ ரியாக்டிவ் என்றால் வைரஸ் இருக்கிறது என்று பொருள். அது வைரஸின் உறைப் புரதம், ஆன்டிபாடி அல்ல. ‘ஆன்ட்டி ஹெச்.பி.எஸ்.’ 10 அல்லது அதற்கு மேல் என்றால் உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள், தடுப்பூசி போட்டவருக்கு அப்படி வரும். நல்ல செய்தியைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘ஐ.ஜி.எம். ஆன்ட்டி ஹெச்.பி.சி.’ ரியாக்டிவ் என்றால் பெரும்பாலும் சமீபத்தில் தொற்றியது.

இரண்டு எச்சரிக்கைகள். தொற்றிய முதல் சில வாரங்களில் எந்தச் சோதனையிலும் தெரியாமல் போகலாம், சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அடுத்து, முடி வளர பயோட்டின் மாத்திரை அதிக அளவில் சாப்பிடுகிறவர்கள் அதை லேபில் சொல்லிவிடுங்கள். சில இயந்திரங்களில் அது முடிவைக் கெடுக்கும்.

வளைகுடாவும் நிக்காஹ்வும்

நம் வீடுகளில் இந்தச் சோதனையைப் பெரும்பாலும் முதன்முதலில் சந்திப்பது வளைகுடா மெடிக்கலில்தான். பி அல்லது சி ரியாக்டிவ் என்றால் அங்கே ‘அன்ஃபிட்’. அது அந்த நாடுகளின் விதி, நம்மால் மாற்ற முடியாது. ஆனால் அந்தச் சீட்டை வாங்கிய தம்பி என்ன செய்கிறார்? விசா கேன்சல் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறார். மருத்துவரிடம் போவதில்லை. மனைவிக்குச் சொல்வதில்லை. வேலை போனது ஒரு நஷ்டம். அந்தச் சீட்டைக் கிழித்தது அதைவிடப் பெரிய நஷ்டம். இனாமாகக் கிடைத்த எச்சரிக்கை அது.

ஏஜென்டிடம் பணம் கட்டுமுன் நல்ல லேபில் பாருங்கள். ரியாக்டிவ் என்றால் கும்பகோணம் அரசு மருத்துவமனையிலோ தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ போய்க் கேளுங்கள். 2018 ஜூலை 28இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வைரல் ஹெப்படைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் சோதனையும் மருந்தும் இலவசம். பி வகை முழுதாக நீங்குவது அரிது. ஆனால் தேவைப்படுபவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாம். எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்காக நிக்காஹ்வை முறிக்க வேண்டியதில்லை. மறைக்கவும் கூடாது. துணைக்கு உண்மையைச் சொல்லி, அவருக்குச் சோதித்து, மூன்று தவணைத் தடுப்பூசி போட்டு, பாதுகாப்பு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டால் போதும். 1997இல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்தத் தடுப்பூசியை நம் நாட்டிலேயே தயாரித்து விலையைக் குறைத்தது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் இது ஐந்து நோய்த் தடுப்பூசியாக முதலில் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்குப் போட்டிருக்காது, கேட்டுப் பாருங்கள்.

ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டால் பி, சி பரவாது. முஸாஃபஹா செய்தால் பரவாது. அவரை ஒதுக்காதீர்கள். பிளேடுதான் ஆபத்து. பிள்ளைகளுக்குக் கத்னா செய்யும்போதும், ஹிஜாமா செய்யும்போதும், ஹஜ், உம்ராவில் தலை மழிக்கும்போதும் புதுப் பிளேடு உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும். ஊசியும் அப்படித்தான். 2009இல் குஜராத்தில் மோடாசா பகுதியில் ஊசிகளை மறுபடி பயன்படுத்தியதால் பி வகை பரவிப் பலர் இறந்தார்கள்.

அறக்கட்டளைப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

முகாம் நடத்துகிறீர்கள், அல்லாஹ் அதற்குக் கூலி தருவான். முகாமில் பயன்படுத்துவது பெரும்பாலும் கார்டுச் சோதனை. அதில் ரியாக்டிவ் வந்தவரை இயந்திரச் சோதனைக்கும், அடுத்து டாக்டரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். முடிவை மைக்கில் பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்கக் கூடாது. மூடிய உறையில், உரியவர் கையில் மட்டும் கொடுங்கள். பெயர் வெளியே போகும் என்று தெரிந்தால் அடுத்த முகாமுக்கு யாரும் வரமாட்டார்கள். வராதவர்களில்தான் நமக்குத் தேவையான ஆள் இருப்பார்.

அந்த இளைஞர் பிறகு சவூதி போய் வந்தார், நிக்காஹ்வும் நடந்தது. அவர் தன் ரிப்போர்ட் சரியானதும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். போகாமல், யாருடைய இரத்தம் என்று கேட்டார். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவருக்கு ‘ரியாக்டிவ்’ என்று வந்தால் நீங்களும் அப்படிக் கேளுங்கள். அடுத்த சோதனை ஆயிற்றா, மனைவிக்குப் பார்த்தார்களா, பிள்ளைக்கு ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். அதைக் கேட்க இயந்திரத்துக்குத் தெரியாது.

நம் அனைவருக்கும் ஆஃபியத்தான வாழ்வை வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.